இன்கா எலும்பு: பின்னந்தலையில் தனித்து நிற்கும் முக்கோணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்கா எலும்பு என்பது எது?

பின்னந்தலையில் உள்ள பிடரி எலும்பு, அதாவது ஆக்ஸிபிடல், பெரியவர்களிடம் ஒரே எலும்பாக இருக்கும். சிலருக்கு மட்டும் அதன் மேற்பகுதி கீழ்ப்பகுதியோடு ஒட்டாமல், இடையில் குறுக்காக ஓடும் ஒரு தையலால் பிரிந்தே நிற்கும். தையல் என்பது மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தில் தெரியும் பல் பல்லான கோடு. மேலே இரண்டு பக்கமும் லாம்டாய்டு தையல், அதாவது பிடரி எலும்பு உச்சி எலும்புகளோடு (தலையின் மேற்பக்க எலும்புகள்) சேரும் கோடு. கீழே இந்தக் குறுக்குத் தையல். மூன்றுக்கும் நடுவில் அகலமான முக்கோணமாகத் தெரிவதுதான் இன்கா எலும்பு.

இது நோய் அல்ல, ஊனமும் அல்ல. தலைக்குள் எதையும் மாற்றுவதில்லை. பெரும்பாலானோர் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இன்கா அரசர்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெயரைத் தவிர எதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டின் பழைய புதைகுழிகளிலிருந்து எடுத்த மண்டையோடுகளில் இதை அடிக்கடி பார்த்த சுவிஸ் ஆய்வாளர் யோகான் யாகோப் ஃபான் சுடி, இது அந்நாட்டு மக்களுக்கே உரிய அடையாளம் என்று கருதினார். பெருவைச் சேர்ந்த மரியானோ ரிவேரோவுடன் சேர்ந்து 1851-ல் வெளியிட்ட நூலிலும் அதே கருத்துதான். பிறகு மற்ற கண்டங்களின் மண்டையோடுகளைப் பார்த்தவர்கள் அங்கெல்லாம் இதைக் கண்டார்கள். கருத்து விழுந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அரச வம்சத்தின் அடையாளம், வேற்றுலக மண்டையோடு என்றெல்லாம் இணையத்தில் சுற்றும் கதைகளுக்கு ஆதாரம் கிடையாது.

கருவில் என்ன நடப்பதால் இது உண்டாகிறது?

பிடரி எலும்பின் அகன்ற தகடு இரண்டு வழிகளில் உருவாகிறது. கழுத்துத் தசைகள் பற்றும் கீழ்ப்பகுதி முதலில் குருத்தெலும்பாக இருந்து பிறகு எலும்பாகிறது. மேற்பகுதியான இன்டர்பெரைட்டல், குருத்தெலும்புக் கட்டம் இல்லாமல் சவ்விலிருந்தே நேராக எலும்பாகிறது. அதுவும் ஒரே புள்ளியில் தொடங்குவதில்லை. நடுக்கோட்டின் இரு பக்கமும் இணை இணையாகப் பல எலும்பாக்க மையங்கள் தோன்றி, பரவி, ஒன்றோடொன்று சேர்கின்றன.

வழக்கமாகக் கருவின் மூன்றாம் மாதம் முதல் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நடுவில் ஒட்டத் தொடங்கும். ஓரங்களில் மட்டும் பிளவு மிஞ்சும். பிறந்த குழந்தையின் பிடரி எலும்பில் இரு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கிச் செல்லும் இந்தக் கோடுகளுக்கு மெண்டோசல் தையல் என்று பெயர். லத்தீனில் ‘பொய்யான’ என்று பொருள். குழந்தைப் பருவத்தில் அவையும் மறைந்துவிடும்.

நடுவில் ஒட்டுவது நடக்காமலே போனால், இரண்டு மெண்டோசல் தையல்களும் நடுவில் சந்தித்து ஒரே குறுக்குத் தையலாக நிலைத்துவிடும். ஆக, இன்கா எலும்பு புதிதாக முளைத்த எலும்பு அல்ல. எல்லாருக்கும் உள்ள பகுதிதான், இவர்களிடம் சேராமல் நின்றுவிட்டது. எலியைப் போன்ற கொறிணிகளில் இன்டர்பெரைட்டல் வாழ்நாள் முழுவதும் தனி எலும்பாகவே இருக்கிறது.

வகைகள் எத்தனை?

எந்தெந்த மையங்கள் சேராமல் நின்றன என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். முழு முக்கோணமும் ஒரே துண்டாக இருந்தால் முழு இன்கா எலும்பு. நடுவில் செங்குத்தாக ஒரு தையல் ஓடினால் இரட்டை, இரண்டு ஓடினால் மும்மை. அபூர்வமாக நான்கு துண்டுகளும் உண்டு. முக்கோணத்தின் ஒரு பகுதி மட்டும் தனித்து, மற்றது கீழ்ப்பகுதியோடு ஒட்டியிருந்தால் பகுதி இன்கா. அது நடுவிலோ, இடது அல்லது வலது ஓரத்திலோ இருக்கலாம்.

1994-ல் அமெரிக்காவில் வெளியான எலும்புப் பதிவுத் தரநிலையில் இதற்கு எளிய குறியீடு உண்டு: 0 இல்லை, 1 முழுதும் ஒரே துண்டு, 2 இரட்டை, 3 மும்மை, 4 பகுதி, 9 பார்க்க இயலவில்லை. இதில் 9-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் என்ன கெடுகிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

லாம்டா முனையில் இருக்கும் சிறு எலும்பையும் இன்கா எலும்பு என்றே சொல்லலாமா?

கூடாது. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

மண்டையோட்டின் நடுத்தையலான சஜிட்டல், லாம்டாய்டு தையலைத் தொடும் இடம் லாம்டா. அங்கே சில நேரம் சதுரமாகவோ, முக்கோணமாகவோ ஒரு சிறு எலும்பு உட்கார்ந்திருக்கும். அதை உச்சிமுனை எலும்பு என்று வைத்துக்கொள்வோம். லாம்டாய்டு தையலின் வழி நெடுகவும் குட்டிக் குட்டியாக எலும்புகள் இருக்கலாம். அவை வோர்மியன் எலும்புகள். டென்மார்க்கின் 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஓலே வோர்ம் பெயரால் வந்தது. இந்த இரண்டும் இன்கா எலும்பைவிடப் பல மடங்கு சாதாரணம்.

பிரித்தறிய வடிவத்தையோ அளவையோ நம்ப வேண்டாம். கீழ் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். காதுக்குப் பின்னே, உச்சி எலும்பு, பொட்டெலும்பு, பிடரி எலும்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் ஆஸ்டீரியன். முழு இன்கா எலும்பின் கீழ்த்தையல் ஒரு பக்க ஆஸ்டீரியனின் அருகில் தொடங்கி, பிடரிப் புடைப்புக்கு (பின்னந்தலை நடுவில் தொட்டால் தெரியும் மேடு) சற்று மேலாகக் கடந்து, மறுபக்க ஆஸ்டீரியனின் அருகில் முடியும். உச்சிமுனை எலும்பின் கீழ்த்தையலோ லாம்டாய்டு தையலின் மேற்பாதியிலேயே இருபுறமும் மோதி நின்றுவிடும். ஆஸ்டீரியன் பக்கம் வராது. பெரிய உச்சிமுனை எலும்பு 4 செ.மீ. அகலம் இருந்தாலும் அது உச்சிமுனை எலும்புதான்.

பகுதி இன்காவில்தான் சிக்கல். ஓரத்தில் தனித்து நிற்கும் துண்டு, ஆஸ்டீரியன் எலும்பா, பெரிய வோர்மியனா, பகுதி இன்காவா? அதன் கீழ் எல்லை மெண்டோசல் தையல் ஓட வேண்டிய வழியிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் இன்கா. லாம்டாய்டு தையலின் இரு கரைகளுக்கு நடுவே சிக்கிய தீவு போலத் தெரிந்தால் வோர்மியன்.

பழைய நூல்களில் வரும் ‘எபாக்டல் எலும்பு’ என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். சிலர் அதை முழு இன்கா எலும்புக்குப் பயன்படுத்தினார்கள், சிலர் உச்சிமுனை எலும்புக்கு. விளக்கப்படம் இல்லாத பழைய அட்டவணையில் அந்தச் சொல்லின் கீழ் இருக்கும் எண்ணை எடுத்துக் கையாளாமல் இருப்பதே நல்லது.

எந்த மக்களிடம் அதிகம், எங்கே குறைவு?

உலகளவில் இதைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது, ஜப்பானைச் சேர்ந்த ட்சுனேஹிகோ ஹனிஹாராவும் ஹஜிமே இஷிதாவும் 2001-ல் வெளியிட்டது. அதில் தெரியும் பெரிய வரைபடம் இது: அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம் பொதுவாக அதிகம். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் ஓரளவு அதிகம். ஐரோப்பா, மேற்கு ஆசியா, மத்திய ஆசியா ஆகியவற்றில் குறைவு. வடகிழக்கு ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குறைவு. திபெத்–நேபாளம், அசாம்–சிக்கிம் தொகுதிகளில் அண்டைப் பகுதிகளைவிட அதிகம்.

‘அதிகம்’ என்ற சொல்லை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். பெருவின் பழைய மண்டையோடுகளில்கூட நூற்றுக்கு ஐந்தை ஒட்டித்தான் 19-ஆம் நூற்றாண்டு எண்ணிக்கைகள் நின்றன. குறைவான இடங்களில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் கீழேயோ. எந்த மக்களிடமும் இது பெரும்பான்மை இல்லை. கணிசமான எண்ணிக்கையில் பார்த்தால் இது அறவே இல்லாத கண்டமும் இல்லை.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்துதானே போனார்கள்? அங்கே குறைவு, இங்கே அதிகம் என்றால் எப்படி?

சரியான கேள்வி. இயற்கைத் தேர்வைத் தேடி ஓட வேண்டியதில்லை. இந்த எலும்பால் யாருக்கும் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சிறு கூட்டமாகப் பிரிந்து போனவர்களிடம் தற்செயலாக எந்த மரபணுக்கள் கூடுதலாக இருந்தனவோ, அவையே சந்ததியில் பெருகும். பிறகு மலைப் பள்ளத்தாக்குகளில் சிறு சிறு குழுக்களாகத் தனித்து வாழ்ந்தால், தலைமுறைக்குத் தலைமுறை அந்த விகிதம் மேலும் கீழும் அலையும். அருகருகே உள்ள மக்களிடையே திடீரென விகிதம் மாறுவதற்கும் இதுவே பொருத்தமான விளக்கம். வழியெங்கும் சீராகக் கூடியோ குறைந்தோ போகும் சரிவைத் தட்பவெப்பத்தோடு இணைக்கலாம். இங்கே தெரிவது திட்டுத் திட்டான பரவல்.

ஒரே நாட்டைப் பற்றி இரண்டு ஆய்வுகள் இரண்டு மடங்கு வேறுபட்ட சதவீதம் சொல்கின்றன. எதை நம்புவது?

நம்புவதற்கு முன் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்.

முதலாவது, வரையறை. உச்சிமுனை எலும்பையும் சேர்த்து எண்ணினார்களா? அப்படி எண்ணியிருந்தால் எண் உடனே வீங்கும். பகுதி இன்கா சேர்ந்ததா, இல்லையா? முழு இன்காவை மட்டும் எண்ணியவருக்கும் எல்லா வகையையும் எண்ணியவருக்கும் ஒரே அலமாரியிலிருந்தே வேறு வேறு எண்தான் வரும்.

இரண்டாவது, வகுக்கும் எண். தையல் மறைந்துபோன முதியவர் மண்டையோடுகளை ‘இல்லை’ என்று எழுதினார்களா, ‘பார்க்க இயலவில்லை’ என்று விலக்கினார்களா? 200 மண்டையோடுகளில் 4 பேருக்கு இருந்தது என்றால் 2 சதவீதம். அந்த 200-ல் 60 பார்க்கவே முடியாதவை என்றால், 140-ல் 4, அதாவது 2.9 சதவீதம். எலும்புகள் அதேதான், விகிதம் மாறிவிட்டது.

மூன்றாவது, சேகரிப்பின் வரலாறு. பழைய அருங்காட்சியகங்கள் ‘வினோதமான’ மண்டையோடுகளைத் தேடி வாங்கின. அப்படிப்பட்ட அலமாரியில் இன்கா எலும்பு அதிகமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கப் பயன்படும் மண்டையோடுகளுக்கு எந்த ஊர், எந்த மக்கள் என்ற பதிவே பெரும்பாலும் இருக்காது. அவற்றைக் கட்டடம் இருக்கும் ஊரின் மக்களாக எழுதிவிடுவது வாடிக்கையாகிவிட்டது, அது தவறு.

நான்காவது, எண்ணிக்கை. அதற்குத் தனிப் பதில் கீழே.

இந்த நான்கும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் வேறுபாடு எஞ்சினால்தான் மக்கள் வேறுபாடு என்று பேசத் தொடங்கலாம். பல அட்டவணைகள் இரண்டாவது படியிலேயே சரிந்துவிடும்.

எத்தனை மண்டையோடுகள் பார்த்தால் போதும்?

நினைப்பதைவிட மிக அதிகம். 40 மண்டையோடுகளில் ஒன்றில் இருந்தால் 2.5 சதவீதம் என்று எழுதிவிடலாம். ஆனால் அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 0.1-லிருந்து 13 வரை நீள்கிறது. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு எந்த மக்களோடும் ஒப்பிட முடியாது.

ஒன்றுமே இல்லாவிட்டால் ‘0 சதவீதம்’ என்று முடித்துவிட வேண்டாம். 3-ஐ எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும். 50-ல் ஒன்றும் இல்லை என்றால், உண்மையான விகிதம் 6 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு. அது பெருவின் அளவையே தாண்டுகிறது.

ஒரு குழுவில் 5 சதவீதம், மற்றொன்றில் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேறுபாட்டை வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பில், 80 சதவீத உறுதியோடு பிடிக்க, ஒவ்வொரு குழுவிலும் சுமார் 280 மண்டையோடுகள் வேண்டும். எண்கள் சிறியவை என்பதால் கை-வர்க்கச் சோதனையை விட்டு ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு பண்பை மட்டும் வைத்து மக்கள் தொகுதிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்று கணக்கிடுவதும் வீண். மண்டையோட்டு வேறுபாடுகளை ஆராய்ந்த பெர்ரி தம்பதியர் 1967-ல் இப்படிப்பட்ட 30 பண்புகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

இருக்கிறதா இல்லையா என்று மண்டையோட்டில் எப்படிப் பார்ப்பது?

தேவையானவை: மணல் நிரப்பிய துணி வளையம், மென்மையான தூரிகை, சாய்த்துப் பிடிக்கக்கூடிய சிறு விளக்கு, 5 அல்லது 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, காலிப்பர், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி.

மண்டையோட்டை முகம் கீழே இருக்கும்படி வளையத்தில் வையுங்கள். தையல்களில் அடைந்திருக்கும் மண்ணைத் தூரிகையால் எடுங்கள். ஊசியால் கிளறினால் தையலின் பற்கள் உடையும். பிறகு பார்ப்பவருக்கு அது விரிசல் போலத் தெரியும்.

முதலில் லாம்டாவைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து லாம்டாய்டு தையலை விரலால் தொடர்ந்து இரு பக்க ஆஸ்டீரியனுக்கும் வாருங்கள். பிறகு நடுக்கோட்டில் பிடரிப் புடைப்பைத் தொடுங்கள். இந்த நான்கு புள்ளிகளும் தெரிந்த பிறகுதான் தேட வேண்டும்.

இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, சிறு விளக்கை எலும்பின் பரப்புக்கு ஏறக்குறைய இணையாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்திருக்கும் மூடிய தையல், இந்தச் சாய்வெளிச்சத்தில் நிழல் கோடாக எழும். ஆஸ்டீரியனில் தொடங்கி உள்நோக்கிப் பாருங்கள், நடுவிலிருந்து தொடங்காதீர்கள். பகுதி இன்காவும் மெண்டோசல் மிச்சமும் ஓரத்தில்தான் இருக்கும்.

குறுக்குத் தையல் தெரிந்தால் காலிப்பரில் மூன்று அளவுகள் எடுங்கள்: லாம்டாவிலிருந்து அதன் நடு வரை உயரம், தையலின் இரு முனைகளுக்கு இடையே அகலம், பிடரிப் புடைப்பின் மேல் விளிம்பிலிருந்து தூரம். கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. இனம் காண்பதில் சண்டை வரும்போது அதுதான் கைகொடுக்கும். பிறகு அடித்துளை வழியாகச் சிறு கண்ணாடியை விட்டு உள்பக்கத்தையும் பாருங்கள். உள்பக்கம் மூடி வெளிப்பக்கம் திறந்திருப்பது சகஜம். எந்தப் பக்கம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

அளவுகோலோடு பின்புறப் படம் ஒன்று எடுத்து வைக்கவும். இரண்டு வாரம் கழித்து, முந்தைய பதிவைப் பார்க்காமல், அதே தொகுப்பை மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் ஒத்துப்போகிறதா என்று கப்பா மதிப்பு கணக்கிடுங்கள். ‘பகுதி’ என்ற வகையில்தான் உங்களோடு நீங்களே முரண்படுவீர்கள்.

முதியவர், குழந்தை மண்டையோடுகளை என்ன செய்வது?

வயதானால் லாம்டாய்டு தையலும் மறையத் தொடங்கும். இன்கா தையல் இருந்திருந்தால் அதுவும் மறைந்திருக்கலாம். லாம்டாய்டு பெரும்பகுதி மறைந்திருந்தால் 9 போடுங்கள், 0 அல்ல.

குழந்தைகளில் ஓரத்தில் மெண்டோசல் கோடு இருப்பது இயல்பு. அதை இன்காவாக எண்ணினால் குழந்தைகள் அதிகம் உள்ள புதைகுழியில் விகிதம் பொய்யாக ஏறும். வளர்ந்தவர்கள் சிலரிடமும் ஆஸ்டீரியன் பக்கத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குக் கோடு மிஞ்சியிருக்கலாம். எவ்வளவு நீளம் வரை மிச்சம், எதற்கு மேல் பகுதி இன்கா என்ற எல்லையை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். பாதி வழியில் மாற்றினால் முதல் மண்டையோட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

அகழ்வில் உடைந்து கிடைத்தவற்றில் பிடரியில் முக்கோண ஓட்டை இருந்து, அதன் விளிம்பு முழுக்கப் பல் பல்லாக இருந்தால், எலும்பு தனியே கழன்று விழுந்திருக்கிறது. சல்லடையில் தேடுங்கள். மண் அழுத்தத்தால் உடைந்த விளிம்பில் பற்கள் இருக்காது, உடைந்த பரப்பில் எலும்பின் நடுப் பஞ்சு அடுக்கு வெளியே தெரியும்.

குழந்தையின் தலையை இறுகக் கட்டி வடிவம் மாற்றும் பழக்கத்தால் இது வந்திருக்குமா?

ஆண்டிஸ் பகுதியில் அந்தப் பழக்கம் பரவலாக இருந்ததால் எழுந்த சந்தேகம். கால வரிசையைப் பாருங்கள்: இன்டர்பெரைட்டல் ஒட்டுவதும் ஒட்டாமல் போவதும் கருவிலேயே, பிறப்பதற்குப் பல மாதம் முன்பே தீர்மானமாகிறது. தலையைக் கட்டுவது பிறந்த பிறகு. ஆகவே முழு இன்கா எலும்பை அதன் தலையில் கட்ட முடியாது. லாம்டாய்டு தையலில் உள்ள வோர்மியன் எலும்புகளின் கதை வேறு. அவை பிறந்த பிறகும் உருவாகக்கூடியவை. கட்டுப்போட்ட தலைகளில் அவை கூடுகின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணியவர்கள் இங்கேயும் குழப்பியிருக்கிறார்கள்.

பரம்பரையாக வருமா? ஆண், பெண் வேறுபாடு உண்டா?

ஒரு மரபணு, ஒரு விதி என்று வருவதில்லை. பல மரபணுக்களும் கருவின் வளர்ச்சிச் சூழலும் சேர்ந்து ஒரு எல்லையைத் தாண்டினால் எலும்பு தனித்து நிற்கும், தாண்டாவிட்டால் ஒட்டிவிடும். 1950-களில் மரபியலாளர் ஹான்ஸ் க்ரூனபெர்க் எலிகளில் விளக்கிய வாசல் மாதிரி இதுதான். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்றில்லை. ஆண், பெண் வேறுபாடு தெளிவாகத் தெரிவதில்லை.

தடயவியலில் ஒருவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று இதை வைத்துச் சொல்லலாமா?

கணக்கு போட்டே பார்க்கலாம். ‘அ’ மக்களிடம் 5 சதவீதம், ‘ஆ’ மக்களிடம் 1 சதவீதம். இறந்தவர் இரண்டில் எவராகவும் இருக்கச் சம வாய்ப்பு. இன்கா எலும்பு இருக்கிறது. ‘அ’ ஆக இருக்க வாய்ப்பு 6-ல் 5, அதாவது 83 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் பத்தில் ஒருவர்தான் ‘அ’ என்றால் அதே எலும்பு 36 சதவீதம்தான் தரும். ‘ஆ’ ஆக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எலும்பு இல்லையென்றால்? சம வாய்ப்பில் 50 என்பது 49 ஆகும், அவ்வளவுதான். நூற்றில் 95-க்கு மேற்பட்ட மண்டையோடுகளில் இந்த எலும்பு எதுவுமே சொல்லாது. வேறு விதத்தில் உதவும்: உயிரோடு இருந்தபோது எடுத்த ஸ்கேனில் இன்கா எலும்பு இருந்து, கிடைத்த மண்டையோட்டிலும் அதே வடிவம், அதே தையல் வளைவு இருந்தால், ஆளை அடையாளம் காண அது வலுவான சான்று.

எலும்பு முறிவு என்று தவறாக நினைக்க வாய்ப்பு உண்டா?

நிறைய. தலையில் அடிபட்டு வந்த குழந்தையின் படத்தில் பிடரியில் குறுக்குக் கோடு தெரிந்தால் முறிவு என்று எழுதிவிடுவது நடக்கிறது. குழந்தை துன்புறுத்தல் சந்தேகத்தில் அந்த ஒரு வரி குடும்பத்தையே மாற்றிவிடும். மறுபக்கம், உண்மையான முறிவைத் தையல் என்று விட்டுவிடுவதும் ஆபத்து.

தையல் வெளித்தகட்டில் பற்கள் கோத்தது போல வளைந்து செல்லும். விளிம்பு சற்று அடர்த்தியாக, வெண்மையாக இருக்கும். பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்திருக்கும். இன்னொரு தையலைத் தொட்டதும் நிற்கும். முறிவு நேர்க்கோடாக, கூர்மையான விளிம்போடு, ஒரு பக்கமாக இருக்கும். தையலைத் தாண்டிப் போகலாம். மேலே தோலடியில் பெரும்பாலும் வீக்கம் இருக்கும். ஒரு கண்ணி: தையல் உள்தகட்டில் கிட்டத்தட்ட நேர்க்கோடாகவே ஓடும். உள்தகட்டை மட்டும் பார்த்து ‘நேராக இருக்கிறது, ஆகவே முறிவு’ என்று முடிவுக்கு வரக் கூடாது.

சி.டி. எடுத்தும் தெரியவில்லையே, ஏன்?

இன்கா தையல் ஏறக்குறைய கிடைமட்டமாக ஓடுகிறது. சி.டி.யின் வழக்கமான குறுக்குவெட்டுகளும் ஏறக்குறைய அதே தளத்தில்தான். 5 மி.மீ. தடிமனில் வெட்டினால் தையல் ஒரு வெட்டுக்குள்ளேயே புதைந்துபோகும். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டு, எலும்புக்கான வடிகட்டி, பக்கவாட்டு மற்றும் முன்பின் தளங்களில் மறு உருவாக்கம், கூடவே முப்பரிமாணப் படம் ஆகியவை வேண்டும். முப்பரிமாணப் படத்தில் பின்னாலிருந்து பார்த்தால் ஒரே பார்வையில் விளங்கிவிடும். எக்ஸ்-ரே மட்டும்தான் என்றால் பிடரிக்கு டவுன் (Towne) கோணப் படம், அதாவது பிடரி எலும்பு தெளிவாகத் தெரியும்படி சாய்த்து எடுக்கும் படம், கேளுங்கள். பக்கவாட்டுப் படத்தில் லாம்டாய்டு தையல்களோடு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

என் ஸ்கேன் அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறது. சிகிச்சை வேண்டுமா?

வேண்டாம். பின்னந்தலையில் அறுவை சிகிச்சை நடக்கப்போகிறது என்றால் மட்டும் அந்த அறிக்கையை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். தையல்களில் மூளையுறை இறுக ஒட்டியிருக்கும், எலும்புத் தகட்டை எடுக்கும்போது அது தெரிந்திருப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கு, அது இன்கா எலும்பைப் பற்றியது அல்ல. குழந்தையின் மண்டையோட்டில் வோர்மியன் எலும்புகள் 10-க்கு மேல், 6×4 மி.மீ.-ஐவிடப் பெரிதாக, கல் பதித்த தரை போல நெருங்கித் தெரிந்தால், எலும்பு எளிதில் உடையும் மரபு நோய் உண்டா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள்.

நெற்றி நடுவிலும் தையல் மிஞ்சுமாமே? அதுவும் இதே மக்களிடம்தான் அதிகமா?

இல்லை. நெற்றியின் மெட்டோபிக் தையல் வழக்கமாகக் குழந்தைக்கு 3 முதல் 9 மாதத்துக்குள் மூடிவிடும். மூடாமல் நிற்பது ஐரோப்பியர்களிடம் 7 முதல் 10 சதவீதம், ஆப்பிரிக்கர்களிடம் 1 சதவீதத்தை ஒட்டி என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக வரும் கணக்கு. இன்கா எலும்பின் வரைபடத்துக்கு ஏறத்தாழ நேர்மாறு. ஒரு தையலை வைத்து மக்களை வரிசைப்படுத்தினால், அடுத்த தையல் அந்த வரிசையைக் கலைத்துவிடும்.

மண்டையோட்டுச் சேகரிப்பு இல்லாமல் இதை ஆராய முடியுமா?

முடியும். வேறு காரணத்துக்காக எடுத்த தலை சி.டி.க்களை, பெயர் நீக்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு பயன்படுத்தலாம். வயதும் பாலினமும் சரியாகத் தெரியும், எண்ணிக்கையும் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். காலனியக் காலத்தில் உறவினர் சம்மதமின்றி எடுத்துச் சென்ற எலும்புகளைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவற்றில் பல பூர்வகுடிகளிடமே திரும்பிக்கொண்டிருக்கின்றன. குறை ஒன்று உண்டு: தலையில் அடிபட்டு வந்தவர்கள் தொகுப்பில் அதிகம் இருப்பார்கள். அடிபட்டதால் இன்கா எலும்பு வராது என்பதால் விகிதம் பாதிக்காது. ஆனால் முறிவும் தையலும் கலந்துவிடும் என்பதால், பிடரியில் முறிவு உள்ள படங்களைத் தொடக்கத்திலேயே தனியாகப் பிரித்து வையுங்கள்.